ஆந்த்ராஷிக்கு ஒரு கடிதம்: நீங்கள் கட்டிய வீட்டில் போஸ்னியாவுக்கு அறை இல்லை

மதிப்பிற்குரிய கவுண்ட் ஜூலா ஆந்த்ராஷி அவர்களுக்கு,

ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்த 1848 ஹங்கேரியப் புரட்சியில் நின்றதற்காக உங்களுக்கு மரண தண்டனை. ஆள் நாட்டிலேயே இல்லாததால் 1851 செப்டம்பரில் உங்கள் பெயரைத் தூக்குமரத்தில் அறைந்தார்கள். 1867 ஜூன் 8 அன்று, புடாவின் மத்தியாஸ் தேவாலயத்தில், அந்தத் தண்டனை விதித்த ஆட்சியின் தலைவரான அதே ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் தலையில் பேராயரோடு சேர்ந்து ஹங்கேரியின் முடியை வைத்தவர் நீங்கள். அப்போது நாட்டின் பிரதமர். இந்தத் திருப்பத்தைவிட, ஹங்கேரிய அரசியல் தலைவர் தெயாக்கும் நீங்களும் அந்த ஆண்டு முடித்த உடன்படிக்கைதான் எனக்குப் பெரிது.

ஆஸ்திரியா, ஹங்கேரி என இரண்டு நாடுகள், ஒரே அரசர். வெளியுறவு, ராணுவம், இவ்விரண்டின் செலவுக்கான நிதி மட்டும் பொது. வியன்னாவில் ஒரு பொது நாடாளுமன்றம் வந்து ஹங்கேரியின் தலைமேல் உட்காரக் கூடாது என்பதில் நீங்கள் பிடிவாதமாக இருந்தீர்கள். அதனால் பொது விஷயங்களை முடிவு செய்ய இரு நாடாளுமன்றங்களும் ஆளுக்கு 60 பேரை அனுப்பின: மேலவையிலிருந்து 20, கீழவையிலிருந்து 40. இரு குழுக்களும் தனித்தனியே உட்கார்ந்து எழுத்தில்தான் பேசிக்கொள்ளும். மூன்று முறை தாள் போய் வந்தும் முடிவு எட்டவில்லையென்றால் 120 பேரும் ஒன்றாகக் கூடுவார்கள், விவாதம் இல்லாமல் வாக்கு மட்டும் போடுவார்கள். செலவில் ஆஸ்திரியாவுக்கு 70 பங்கு, ஹங்கேரிக்கு 30. பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதிதாகப் பேச வேண்டும். ஒவ்வொரு தவணையும் சண்டையாகவே வந்தது.

இந்த ஏற்பாட்டில் மூன்றாவது நாட்டுக்கு இடமே விடவில்லை. இரு நாடுகளுக்கும் பொதுவான வெளியுறவு அமைச்சராக 1878இல் பெர்லின் மாநாட்டில், ஒட்டோமான் பேரரசுக்குச் சொந்தமான போஸ்னியா-ஹெர்சகோவினாவை ஆளும் உரிமையை வாங்கி வந்தீர்கள். செர்பியா அங்கே விரிந்தால் ஆஸ்திரியாவின் டால்மேஷியக் கடற்கரைக்கு ஆபத்து என்ற உங்கள் கணக்கு நியாயம்தான். ஆனால் படை நுழைந்ததும் கடும் எதிர்ப்பு. ஜூலை 29இல் எல்லை தாண்டியவர்கள் ஆகஸ்ட் 19இல் தெருத்தெருவாகச் சண்டையிட்டே சரயேவோவைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நிஜமான சிக்கல்: இதை யார் பக்கம் சேர்ப்பது? ஆஸ்திரியா, ஹங்கேரி என்ற இரு பாதிகளில் ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது ஒப்பாது. ஸ்லாவியர் தொகை கூடுவதில் உங்கள் மகியார்களுக்கும் (ஹங்கேரியர்களுக்கும்) விருப்பமில்லை, ஆஸ்திரியாவிலிருந்த ஜெர்மானியர்களுக்கும் இல்லை. கடைசியில் ராணுவக் கணக்குப் பார்க்க ஏற்படுத்திய பொது நிதி அமைச்சகத்தின் கையில் ஒரு மாகாணமே போய்ச் சேர்ந்தது.

1879 அக்டோபர் 7இல் ஜெர்மனியோடு கூட்டணி கையெழுத்தானது. மறுநாளே பதவியை விட்டு இறங்கினீர்கள். போஸ்னியா அப்படியே கிடந்தது. 1908இல் பேரரசோடு இணைத்தபோதும் எந்தப் பாதிக்கும் சொந்தமாகவில்லை. 1914 ஜூன் 28இல் சரயேவோவில் பட்டத்து இளவரசர் சுடப்பட்டபோதும் அந்த மண்ணுக்குப் பொறுப்பாளர் பொது நிதி அமைச்சர் பிலின்ஸ்கிதான்.