குழந்தையோடு விமானத்தில் போகிறவர்களுக்கு, நம்ம கடையிலிருந்து ஒரு மடல்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், கடை போன் காலை ஏழு மணிக்கே அடிக்கத் தொடங்கிவிடும். பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, பாப்பாவுக்கு இன்னும் ஆதார் எடுக்கலை, ஏத்துவாங்களா?" ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லிச் சொல்லி, அவசரத்தில் ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல மறந்துவிடுகிறேன். அதனால் உட்கார்ந்து எழுதியே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், டிக்கெட் போடச் சொல்வதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். இதெல்லாம் உள்நாட்டு விமானத்துக்கு மட்டும். சிங்கப்பூர், துபாய் என்றால் கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும், அதை நேரில் பேசிக்கொள்வோம்.

முதலில் விதி. விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசின் பிசிஏஎஸ் 2017 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ் என்று பத்து வகை அடையாளங்களைச் சொல்லி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உள்ளே விடலாம் என்றது. போட்டோ ஒட்டிய அரசுடைமை பேங்க் பாஸ்புக், பென்ஷன் அட்டை, மாணவர் அடையாள அட்டைகூட அந்தப் பத்தில் உண்டு. அதே சுற்றறிக்கையில்தான் நமக்கு வேண்டிய வரியும் இருக்கிறது: அப்பா அம்மாவோ கார்டியனோ சரியான அட்டையோடு கூட வந்தால், குழந்தைக்குத் தனி அடையாள அட்டை கேட்க வேண்டியதில்லை.

"அப்புறம் என்ன, ஒண்ணும் வேண்டாம்தானே?" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஏர்போர்ட்டில் உங்களைக் கேள்வி கேட்பவர் ஒருவர் இல்லை, இரண்டு பேர். வாசலில் நிற்கும் காவலர் கேட்பது "நீ யார்?" என்று. அவருக்கு மேலே சொன்ன சலுகை பொருந்தும், உங்கள் ஆதாரைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி அனுப்பிவிடுவார். உள்ளே கவுன்டரில் இருப்பவர் கேட்பது "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று. அவர் விமான நிறுவனத்து ஆள், வயதை வைத்துத்தான் டிக்கெட் கணக்கு, அதற்குக் காகிதம் இல்லாமல் அவர் நகரமாட்டார்.

2 வயது நிறையாத பிள்ளை மடியில் உட்கார்ந்து போகலாம், கட்டணமும் குறைவு. ஒரு பெரியவருக்கு ஒரு கைக்குழந்தைதான், இரட்டைப் பிள்ளை என்றால் இரண்டு பெரியவர் கூட வர வேண்டும். 2 வயது முடிந்த நாளிலிருந்து தனி சீட், தனி டிக்கெட். போகும்போது ஒன்றே முக்கால், திரும்பும்போது இரண்டு தாண்டிவிட்டது என்றால், திரும்புவதற்கு சீட் வாங்கியே ஆக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் பேச்சே இல்லை. சில நிறுவனங்கள் தடுப்பூசி அட்டையையும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும்கூட வயதுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கின்றன. ஒன்றுமே காட்டாவிட்டால் முழு டிக்கெட் காசைக் கேட்பார்கள்.

இதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. ஒரு தாத்தா போனில் டெல்லிக்கு டிக்கெட் சொன்னார். பேரனுக்கு வயசு என்ன என்றேன், "ஒண்ணே முக்கால் இருக்கும்பா" என்றார். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள், குத்துமதிப்பாக ஒரு பிறந்த தேதியை நானே அடித்துவிட்டேன். போகும்போது யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது கவுன்டரில் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள், பையனுக்கு 2 வயது முடிந்து நாலு நாள். சீட் வாங்குங்கள் என்றார்கள், விமானத்திலோ சீட்டே இல்லை. தாத்தாவும் பாட்டியும் கோயம்புத்தூர் வந்துவிட, அம்மாவும் பிள்ளையும் மறுநாள் அதிக விலைக்கு டிக்கெட் வாங்கி வந்தார்கள். அந்த வித்தியாசத்தை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து பிறந்த தேதியை வாய்வார்த்தையாகச் சொன்னால் டிக்கெட் போடுவதில்லை, சான்றிதழின் போட்டோ வந்தால்தான் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பெயர். உண்மையில் வயதைவிட இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இப்படி வரும்: சுந்தரம் 68, சரோஜா 61, பாப்பு 4. பாப்பு யார் என்று கேட்டால், "வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவோம்." ஆதாரில் அந்தப் பிள்ளை தன்யஸ்ரீயாக இருக்கும். அப்புறம் நம்ம இனிஷியல். டிக்கெட்டில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், நமக்கோ கடைசிப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. ஆதாரில் 'கவின் ச' என்று இருக்கும், பள்ளி அட்டையில் 'ச. கவின்', பிறப்புச் சான்றிதழில் வெறும் 'கவின்'. நான் செய்வது இதுதான்: எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகிறீர்களோ அதில் இருக்கும் எழுத்தை அப்படியே அடிப்பேன், கடைசிப் பெயர் கேட்டால் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவேன். டிக்கெட் வந்த அன்றைக்கே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள். அன்றே சொன்னால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், விமானம் ஏறும் நாளில் சொன்னால் என் கையில் ஒன்றும் இல்லை.

பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாத பிள்ளைகளும் நம்ம ஊரில் நிறைய. ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பதிவு ஆகிவிடும், நாமோ நல்ல நாள் பார்த்து, ஜாதகம் எழுதி, மூன்று மாதம் கழித்துப் பெயர் வைப்போம், அப்புறம் அதைப் பதிய மறந்துவிடுவோம். பதிவான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் என்றால் காசில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. பிறப்பைப் பதிந்த அலுவலகம் எதுவோ அங்கேயே போய்க் கேளுங்கள். பள்ளியில் சேர்க்கவும் அது வேண்டும்தானே.

5 வயதுக்குள் எடுக்கும் நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது ஆனதும் கைரேகை, கண், புது போட்டோ கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், 15 வயதில் இன்னொரு முறை. பலர் இதைச் செய்வதில்லை. போன மாதம் ஒன்பது வயதுப் பையனின் ஆதார் என்று ஒன்று வந்தது, போட்டோவில் எட்டு மாதக் குழந்தை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு விரல் சூப்பிக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதை நீட்டினால் எந்தக் காவலரும் இரண்டு முறை பார்க்கத்தான் செய்வார்.

தாத்தா பாட்டியோடு, சித்தியோடு பிள்ளையை அனுப்புகிறீர்களா? கார்டியன் என்று விதி சொன்னாலும், இவர்தான் கார்டியன் என்று நெற்றியில் எழுதி இருக்காது. விதியை எடுத்துக்காட்டி வாசலில் வாதாடுவதைவிடப் பிள்ளையின் ஆதாரையும் கொடுத்தனுப்புவது சுலபம். அசல் வேண்டும், ஜெராக்ஸ் ஆகாது, வாட்ஸ்அப் போட்டோவும் ஆகாது. அரசின் ஆதார் ஆப்பில் காட்டினால் சரி. எல்லோருக்கும் டிக்கெட்டை ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில் போடச் சொல்லுங்கள். 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு அதே பிஎன்ஆரில் வரும் அப்பா, அம்மா அல்லது கார்டியனில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தர வேண்டும் என்று விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் டிஜிசிஏ 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது.

ஏற்காட்டில் ஹாஸ்டலில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கவனியுங்கள். தனியாக வரும் பிள்ளைக்கு, கூடப் பெரியவர் வந்தால் கிடைக்கும் சலுகை கிடையாது, அதன் கையிலேயே அட்டை இருக்க வேண்டும். பள்ளி அட்டை பட்டியலில் இருந்தாலும், என்னைக் கேட்டால் ஆதாரையும் சேர்த்தே பையில் வையுங்கள். 5 வயதுக்குக் கீழே தனியாக ஏற்றமாட்டார்கள். 5 முதல் 12 வரை என்றால் முன்கூட்டியே சொல்லி, தனிக் கட்டணம் கட்டி, படிவம் நிரப்ப வேண்டும். ஏற்றிவிடுபவர் யார், இறங்கும் ஊரில் அழைத்துப்போக வருபவர் யார் என்று அதில் எழுதுவோம். வருபவர் தன் அட்டையைக் காட்டினால்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள், அதனால் கடைசி நேரத்தில் மாமாவுக்குப் பதில் டிரைவரை அனுப்பாதீர்கள். 12 வயது தாண்டியவர்கள் தனியாகப் போகலாம், அட்டை மட்டும் மறக்கக்கூடாது.

நம்ம சேலம் காமலாபுரம் ஏர்போர்ட்டில் 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வரத் தொடங்கியதிலிருந்து, "பக்கத்துலதானே, கிளம்பலாம்" என்று கடைசி நிமிடத்தில் புறப்படுவது பழக்கமாகிவிட்டது. கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஓமலூர்க்காரர் அட்டையை மறந்தால் பைக்கில் ஓடிப்போய் எடுத்து வரலாம், ஏற்காட்டுக்காரர் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கி வருவதற்குள் விமானம் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, இனி டிக்கெட் கேட்கும்போது பிள்ளையின் ஆதாரையோ பிறப்புச் சான்றிதழையோ, நாலு மூலையும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். டிக்கெட் போட்டதும் அழித்துவிடுகிறேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது, அவசரம் என்றால் போன் அடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிக்கெட் கடைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்