அரைப் புள்ளிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள டோம்பிவ்லி சொந்தங்களுக்கு,

பதினைந்து வருடம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சரக்குக் கப்பல் பில்களைச் சரிபார்த்துவிட்டு, 37 வயதில் பி.எட். சேர்ந்தேன். 2025 ஜூனில் கணக்கு டீச்சர் வேலையும் கிடைத்தது. அதற்கு வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல், அந்த இரண்டு வருடமும் என்னைச் செஸ்ஸை விடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் என் செஸ் ரேட்டிங் 1350-லிருந்து 1610 ஆனதென்று பி விங் வாசலில் கேசரி கொடுத்தீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அந்த மாதம் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தை ஏற்றிக் கொடுத்தது. என் பங்கு 260. நான் அப்போது போட்டி ஆடியே பல நாள் ஆகியிருந்தது. கேசரி நன்றாக இருந்தது.

இனி, காலை மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட். ஒரு கை கம்பியில், இன்னொரு கை பையில் என்றால் போனை எதால் பிடிப்பது? ஜன்னலோரம் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டு வரும் மராத்தி அக்காதான் ஒருநாள் போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நானும் அவரைத் தாயி (மராத்தியில் அக்கா) என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். அன்றிலிருந்து அதுவே வழக்கம்: டோம்பிவ்லியில் ஒரு புதிரை ஒருமுறை பார்த்துக்கொள்வேன், தாணே வரும்வரை போன் அவரிடம். காய்களை மனசுக்குள்ளேயே நகர்த்த வேண்டும். தாணே தாண்டியதும் விடையைச் சொல்ல வேண்டும். எந்தக் கோச்சும் எனக்கு இப்படிப் பயிற்சி கொடுத்ததில்லை. தப்பாகச் சொன்னால் ஒரு கட்டு கீரை என் கைக்கு வரும்.

ஆரம்பத்தில் பெரிய குழப்பம். நம் ராணி அவருக்கு வஜீர், அதாவது மந்திரி; நம் மந்திரி அவருக்கு ஒட்டகம். 'மந்திரியை வெட்டணும்' என்று நான் சொன்னால் அவர் ராணியைத் தேடுவார். யானையும் குதிரையும் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தாயி, இது தமிழில் இருப்பதால் வண்டியில் வாசித்துக் காட்டுகிறேன்.

அப்புறம், மூன்றாம் மாடித் தாத்தா. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2023 தீபாவளி லீவில் ஒரு போட்டியில், ஆளுக்கொரு யானை, எதிராளிக்கு ஒரு சிப்பாய் அதிகம், டிரா ஆக வேண்டிய ஆட்டத்தைத் தோற்றுவிட்டு வந்தேன். பயத்தில் யானையைக் கடைசி வரிசையில் பதுக்கியிருந்தேன். தாத்தா திட்டவில்லை. பலகையை எடுத்து வைத்தார். "ஏம்மா, யானைய மூணாவது வரிசையிலயே நிறுத்து. அவன் ராஜா உள்ள வர முடியாது. வேற வழியில்லாம சிப்பாயத் தள்ளுவான். தள்ளினதும் அவன் ராஜாவுக்குக் குடை போச்சு. அப்ப ஓடிப் போயி பின்னாலருந்து செக் குடு."

18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் ஃபிலிடோர் காட்டிய தற்காப்பு இது. அவர் ஆபரா இசையமைப்பாளரும்கூட. ஞாயிறுதோறும் அரைமணி நேரம், இந்த ஒரே நிலையைத்தான் மாதக்கணக்கில் ஆடினோம். எனக்கு அலுத்தது, அவருக்கு அலுக்கவில்லை. 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம், 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையை மாற்ற முன்வந்து, 18 வயது குகேஷிடம் பட்டத்தை இழந்தபோது, தாத்தா போனில் சொன்னது இரண்டே வார்த்தை: "யானை, பாத்தியா?"

வீட்டுக்காரரைப் பற்றி அதிகம் எழுதினால் கூச்சப்படுவார். இரண்டு வருடம் ஒரே சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டினார், இரவு தோசையும் அவர்தான் சுட்டார். பி.எட். தோழிகள் நோட்ஸ் கொடுத்தார்கள். அது இல்லையென்றால் தாத்தாவின் அரைமணி நேரமும் இல்லை.

2025 மே மாதப் போட்டி, ஐந்தாவது சுற்று. எதிரே ஒரு பள்ளிக்கூடப் பையன். மூன்றரை மணி நேரம் கழித்து அதே நிலை வந்து உட்கார்ந்தது: ஆளுக்கொரு யானை, அவனுக்கு ஒரு சிப்பாய். உள்ளங்கை வேர்த்து பேனா வழுக்கியது. யானையை மூன்றாவது வரிசையில் நிறுத்தினேன். அவன் ராஜாவைக் கொண்டு அங்கும் இங்கும் தேடினான். சிப்பாயைத் தள்ளினான். நான் ஓடினேன். செக், செக், செக். 94-வது நகர்த்தலில் டிராவுக்குக் கையை நீட்டினான்; எனக்கு அரைப் புள்ளி. அந்தப் போட்டியில் எனக்கு வேறு பரிசு எதுவும் இல்லை.

தாத்தா, உங்கள் செஸ் கடிகாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாட்டரி மாற்றிவிட்டேன். ஞாயிறு கொண்டுவருகிறேன். இந்தமுறை அதிகச் சிப்பாய் எனக்கு, தற்காப்பு உங்களுக்கு.

அன்புடன்,
பி விங், இரண்டாம் மாடி