கப்பலில் பாட்டிக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று தலைமுறையினர் ஒன்றாகச் சொகுசுக் கப்பலில் சுற்றுலா செல்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெட்டியை ஒருமுறை பிரித்து அடுக்கிவிட்டால் பிறகு ஊர்கள்தாம் நம்மைத் தேடி வருமே தவிர, நாம் மூட்டை முடிச்சோடு அலைய வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது முற்றிலும் சரி. முதியவரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வண்டி மாறி வண்டி ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், எல்லா வயதினரையும் கப்பலே பார்த்துக்கொள்ளும் என்று அவர் முடித்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் 73 வயதுப் பாட்டி. சென்ற ஆண்டு மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, இரண்டு வயதுகூட நிறையாத பேரன் ஆகியோருடன் ஏழு இரவுகள் அப்படி ஒரு கப்பலில் பயணம் செய்தேன். கப்பல் பார்த்துக்கொள்ளாத நேரங்களில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில், பிள்ளைகளை ஊழியர்களின் பொறுப்பில் விளையாட விட்டுச் செல்லும் குழந்தைகள் மன்றம். விளம்பரப் படங்களில் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் அந்த மன்றத்தில் சேர்த்துக்கொள்ளும் வயது மூன்று. வயது மட்டும் போதாது. டயபரை விட்டு, கழிப்பறைக்குத் தானே சென்று பழகியிருக்கவும் வேண்டும். அதே சமயம், ஆறு மாதம் நிறைந்த குழந்தையைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளப் பெரும்பாலான நிறுவனங்கள் சம்மதிக்கின்றன. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு மட்டும் பன்னிரண்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. ஆக, இந்த இரண்டு வரம்புகளுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு ஏற அனுமதி உண்டு. ஏறிய பிறகு போவதற்கு இடம் இல்லை. சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று காப்பகம் இருக்கிறது. அதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம், இடங்களும் குறைவு. எங்கள் கப்பலில் அதுவும் இல்லை என்பது ஏறிய பிறகே மகனுக்குத் தெரிந்தது.

நீச்சல்குளத்திலும் அதே கதைதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்து நடத்திவரும் கப்பல் சுகாதாரத் திட்டத்தின்படி, டயபர் அணியும் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது; நீருக்கென்றே விற்கப்படும் டயபரை அணிவித்திருந்தாலும் கூடாது. அத்தகைய குழந்தைகளுக்கென்றே தனியாகக் கட்டப்பட்ட தண்ணீர் விளையாட்டுப் பகுதி இருந்தால் மட்டுமே விடலாம். இவ்விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே நீரைச் சுத்திகரித்துச் சுழற்றிவிடும் குளத்தில் ஒரு குழந்தையின் வயிற்றுக் கோளாறு நூறு பேருக்குப் பரவிவிடும். ஆனால், அக்காவைத் தண்ணீரில் பார்த்துக்கொண்டு கரையில் நிற்க மாட்டேன் என்று அழும் ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு இந்த நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே. பேத்தியைக் கவனிக்கவும் ஒருவர் குளத்தருகே இருந்தாக வேண்டும். ஏனெனில் பல கப்பல்களில் குளத்துக்கு உயிர்காப்பாளர் கிடையாது, நீந்துவோர் தம் சொந்தப் பொறுப்பில் நீந்தலாம் என்ற பலகைதான் உண்டு. மகனும் மருமகளும் பேத்தியோடு இருந்தார்கள். பேரன் என்னிடம் வந்தான்.

இப்படித்தான் எல்லாம் தொடங்கியது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. பேரன் மதியம் தூங்கும் இரண்டு மணி நேரம் ஜன்னல் இல்லாத கேபினில் விளக்கை அணைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். இரவு நிகழ்ச்சிகள் தொடங்கும்போது அவனுக்கு மறுபடி தூக்க நேரம், மறுபடி நான். மூன்றாம் நாள் இரவு, இன்றைக்கு நான் அரங்கத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது மகன் திகைத்துப்போனான். அவன் கல்மனம் படைத்தவன் அல்லன். அம்மாவுக்குப் பேரனோடு இருப்பதைவிட வேறென்ன மகிழ்ச்சி என்று உண்மையாகவே நினைத்திருந்தான். அதன் பிறகு, கேபினுக்கு நாள்தோறும் வரும் நிகழ்ச்சி நிரல் தாளின் ஓரத்தில் யார் எந்த நேரம் என்று மருமகள் பேனாவால் குறித்து வைத்தாள். பயணச்சீட்டு வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அறைகளைப் பற்றியும் ஒரு சொல். எங்களுக்கு இரண்டு அடுத்தடுத்த கேபின்கள் என்று முகவர் சொல்லியிருந்தார். அடுத்தடுத்த கேபின் வேறு, நடுவே உட்கதவு உள்ள கேபின் வேறு என்பது நள்ளிரவில் பேரன் அழ, நான் நடைக்கூடத்தில் நின்று கதவைத் தட்டியபோதுதான் விளங்கிற்று. உட்கதவு உள்ள அறைகளை அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்டு, கேபின் எண்களைக் கப்பலின் வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வரைபடத்தைப் பார்க்கும்போதே லிஃப்ட் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலின் நீளம் சுமார் 365 மீட்டர். முழங்கால் தேய்ந்தவருக்கு அப்படிப்பட்ட கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனையில் இருக்கும் உணவுக்கூடத்துக்கு நாளுக்கு மூன்று முறை போய்வருவதே ஒரு யாத்திரை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில் அறை எடுத்தால் நடையும் குறையும், ஆட்டமும் குறையும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருக்கின்றன. ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. ஏறி இறங்கும் சீசா பலகையின் நடுவில் உட்காருவதற்கும் ஓரத்தில் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

சக்கர நாற்காலி வேண்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண கேபினின் கதவு குறுகலானது. குளியலறை வாசலில் உயரமான படி இருக்கும். அகலமான கதவும், படியில்லாத குளியலறையும், பிடிமானக் கம்பிகளும் உள்ள கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் சிலவே என்பதால் முதலில் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். நடக்க இயலாதவர் அமர்ந்து ஓட்டும் மின்கல வண்டியை நடைக்கூடத்தில் நிறுத்திவைக்க விடமாட்டார்கள். ஆபத்துக் காலத்தில் மக்கள் வெளியேறும் வழி அது. இதிலெல்லாம் சட்டத்தின் துணையும் உண்டு. அமெரிக்கக் கடற்பகுதிக்குள் வரும் வெளிநாட்டுக் கொடி தாங்கிய பயணக் கப்பல்களுக்கும் அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் இயற்றிய கடற்பயணிகள் உரிமை விதிகளின்படி, நடமாட்டக் குறைபாடு உள்ளவர் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு தெரிவித்தால் துறைமுகத்திலும் கப்பலிலும் கட்டணமின்றி உதவி பெறலாம். தெரிவித்தால்தான். எனக்கு ஒன்றும் இல்லை, நடந்தே வருவேன் என்று வீம்பு பேசியது என் தவறு.

அந்த வீம்பு மூன்றாம் துறைமுகத்தில் உடைந்தது. அங்கே கப்பல் கரையைத் தொடவே இல்லை. சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிறுத்தி, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கப்பலின் அடித்தளத்து மேடையிலிருந்து படகுக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும். மேடை ஒரு பக்கம் உயர, படகு மறுபக்கம் தாழும். அலை சற்று அதிகமானால் சக்கர நாற்காலியை ஏற்ற ஊழியர்கள் மறுத்துவிடலாம். அப்படி மறுப்பது நியாயமும்கூட. எந்தத் துறைமுகத்தில் கப்பல் கரையணையும், எதில் படகுதான் என்பது பயணத் திட்டத்திலேயே சிறு எழுத்திலோ ஒரு குறியீடாகவோ இருக்கும். கேட்டால் நிறுவனமும் சொல்லும். நாங்கள் கேட்கவில்லை. எங்கள் நான்கு துறைமுகங்களில் இரண்டு அவ்வகை. நான் இறங்கவில்லை. அதனால், வெயிலில் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று பேரனையும் என்னோடு விட்டுச் சென்றார்கள். உண்மையை மறைப்பானேன், முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்த பொழுதுகள் அவையே. ஆயிரக்கணக்கானோர் இறங்கிப்போன கப்பல் காலியாகக் கிடந்தது. வெறுமையான மேல்தளத்தில் அவன் முன்னே ஓட, நான் பின்னே மெல்ல நடந்தேன். ஒவ்வொரு படகு திரும்பி வரும்போதும் இருவரும் கையசைத்தோம். ஆனால், பிடித்திருந்தது என்பதற்காக அது என் தேர்வாகிவிடாது.

பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. பின்னர் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்துவது 2015 முதல் கட்டாயமானது. இப்போது பல கப்பல்களில் கைபேசியில் காணொளியைப் பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்து வந்தால் முடிந்தது. குழந்தைகளும் முதியவரும் உள்ள குடும்பம் அதை அவ்வளவு விரைவில் முடித்துவிடக் கூடாது. அவசரகால எச்சரிக்கையான ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்கும்போது பேத்தி மன்றத்தில் இருந்தால் அவளை யார் எந்த இடத்துக்கு அழைத்து வருவார்கள்? லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்னும் நிலையில் எட்டாம் தளத்திலிருந்து நான் எப்படி இறங்குவேன்? இவ்விரண்டுக்கும் ஊழியர்களிடம் ஆயத்தமான பதில் இருந்தது, கேட்டது மருமகள். நீண்ட பயணம் செல்லும் கப்பலில் ஒவ்வொரு குழந்தைக்கும் கைக்குழந்தைக்கும் அளவான உயிர்காப்பு மேலங்கி இருக்க வேண்டும் என்பது அந்தப் பன்னாட்டு விதியிலேயே உள்ளது. எங்கள் கேபின் அலமாரியில் இருந்தவை பெரியவர்களுடையவை மட்டுமே; அறைப் பணியாளரிடம் கேட்டதும் சிறியவை வந்துவிட்டன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் மருத்துவர் இருப்பார், மருத்துவமனை இருக்காது. நிலைமை மோசமானால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள் அல்லது ஹெலிகாப்டரை அழைப்பார்கள். ஆகவே, அவசர மருத்துவ இடமாற்றச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் முதியவரை அழைத்துச் செல்லக் கூடாது. ஏற்கெனவே உள்ள நோயை மறைத்து எடுத்த காப்பீடு இருந்தும் பயனில்லை. ஏறும் நாளில் பெட்டிகள் மாலை வரைகூட அறைக்கு வராமல் போகலாம் என்பதால் மருந்தும் டயபரும் கைப்பையில் இருக்கட்டும். தீ அபாயம் கருதி மின்கெண்டியை அனுமதிப்பதில்லை. பால்புட்டியைக் கொதிநீரில் கழுவுவதற்கு வேறு வழியை முன்பே கேட்டு வைக்க வேண்டும். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் கிருமிநாசினி போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஒரு குழந்தைக்கு அது வந்தால் கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள். அப்போது உடன் யார் இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் சொன்னதால் கப்பல் பயணமே வேண்டாம் என்கிறேன் என்று கொள்ள வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு என்ன வசதி, எந்தத் துறைமுகங்களில் படகு, நடமாட இயலாதவருக்கு எத்தனை கேபின்கள் ஆகிய மூன்று செய்திகளையாவது இத்தகைய கட்டுரைகளோடு ஒரு சிறு பெட்டியாகத் தாங்கள் வெளியிட்டால், என்னைப் போன்றோருக்கு ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் தெரிந்திருக்கும். அடுத்த பயணத்துக்கு மகன் இப்போதே தேதி கேட்கிறான். பேரனுக்கு மூன்று வயது நிறைந்து டயபரையும் விட்ட பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி