குடல் பாக்டீரியாவை நம்பி மூட்டுவாத மருந்தை நிறுத்தாதீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைக்கு மூட்டுவாதம் என்றால் குடலைச் சரிசெய்தாலே போதும் என்ற பேச்சு டர்பனில் நம்மவர்களிடையே அடிபடுகிறது. புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை வாங்கித் தருவதைவிட, அதை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் எனக்குப் பெருங்கவலை.

குடல் பாக்டீரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், குடல் பாக்டீரியாவையும் அழிக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக்கை உட்கொண்ட குழந்தைகளிடம் இந்நோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. ஆனால் இது ஆயிரத்தில் சுமார் ஒரு குழந்தைக்கு வரும் நோய். இரு மடங்கானாலும் அரிதே. தவிர, எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே தடுமாறிய குழந்தைக்குத் தொற்று அடிக்கடி வந்து, அதனால் ஆன்டிபயாட்டிக்கும் கூடியிருக்கலாம். புரோபயாட்டிக் இந்நோயைத் தீர்க்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. அதற்காக, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்கு எழுதிக் கொடுத்த பென்சிலினைப் பாதியில் விட்டுவிடக் கூடாது. விட்டால் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகலாம். தென்னாப்பிரிக்காவில் அந்நோய் இன்னும் ஒழியவில்லை.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எடுக்கும் குழந்தைகளின் பெற்றோர் கவனிக்க: இது வாரத்தில் ஒரே நாள் தரும் மருந்து. தவறுதலாகத் தினமும் கொடுத்தால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள். ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் கொடுங்கள். வேறு தொற்றுக்குக் கிளினிக் போனால், 'மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறாள்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் பரவலாகத் தரப்படும் கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதனோடு சேர்ந்தால் இரத்த அணுக்கள் அபாயமாகக் குறையும்.

சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, கீரை, தயிர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், குடலுக்கு நல்லது. அமாசி என்ற புளித்த பாலும் கொடுக்கலாம், காய்ச்சாத பாலில் செய்தது மட்டும் வேண்டாம்.

காலையில் விறைப்போடு நொண்டுவதோ மூட்டு வீக்கமோ ஆறு வாரம் நீடித்தால், சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கண்ணையும் மறக்காதீர்கள். இந்நோயில் வரும் கண் அழற்சியில் பெரும்பாலும் சிவப்போ வலியோ இராது. பார்வை குறைந்த பிறகே தெரியவரும். சிறு வயதில் தொடங்கி, ஏ.என்.ஏ. (உடலின் சொந்தச் செல்களையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்) இரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் தொடக்க ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் (ஒளிக்கற்றை பாய்ச்சி கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும்) பரிசோதனை அவசியம். மூட்டு நலமாக இருக்கும் மாதங்களிலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்படிக்கு,
குழந்தைநலச் செவிலியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்