ஹேஸ்ப்ராவை ஹேஸ்ப்ரா என்றே சொல்லுங்கள்: பேருந்து நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் பேருந்து விடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் இந்த நார்ஃபோக் மாவட்டத்தில் ஊர்ப் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது வேறு மாதிரி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தால் வைமண்ட்ஹாம், ஊர்க்காரர் வாயில் விண்டம். காஸ்டெஸ்ஸி என்று பலகை இருக்கும், காஸ்ஸி என்பார்கள். டகோல்னெஸ்டன் என்பது டேக்கிள்ஸ்டன். கடலோரத்தில் கலங்கரை விளக்கம் இருக்கிற ஹாப்பிஸ்பர்க், ஹேஸ்ப்ரா. உங்கள் ஓட்டுநர்களைக் கேட்டால் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற ஒலிபெருக்கிதான் எழுத்தை மட்டும் பார்த்து வாசித்துக்கொண்டு வருகிறது.

அதனால் என்ன, இரண்டு நாளில் பழகிவிடும் என்று நினைப்பீர்கள். என்னோடு, முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு வேலை செய்யும் ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம், இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் வேறொருவர் வர முடியாமல் போக, ஹேஸ்ப்ராவில் ஒரு பாட்டியைப் பார்க்கப் போகச் சொல்லி அலுவலகத்திலிருந்து போன். அவள் காதில் விழுந்தபடியே தமிழில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது, கண்ணாடி முழுக்க ஆவி, முன்னால் இருக்கிற திரையை நின்றுகொண்டிருந்தவர்கள் மறைத்துவிட்டார்கள். காதைத் தீட்டிக்கொண்டு ஹேஸ்ப்ராவுக்காகக் காத்திருந்தாள். ஒலிபெருக்கி "ஹாப்பிஸ்பர்க்" என்றது. யாரோ இறங்கினார்கள், இவள் உட்கார்ந்தே இருந்தாள். ஓட்டுநரிடம் சொல்லி வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். நடுவழியில் ஓட்டுநர் மாறிவிட்டார்.

அடுத்த ஊரில் இறங்கி, திரும்பி வர பஸ் இல்லாமல், நடைபாதையும் தெருவிளக்கும் கிடையாத அந்தச் சந்துச் சாலையில் போன் டார்ச்சைக் காட்டிக்கொண்டு, கார் வரும்போதெல்லாம் வேலிச் செடிக்குள் ஒதுங்கி ஒதுங்கி நடந்திருக்கிறாள். பாட்டிக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய். அதற்கான மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் கை கால் விறைத்துப்போகும். இவள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். நடந்த நேரத்துக்குக் கூலி இல்லை. தாமதமாக வந்ததாக இவள் பெயரில் குறிப்பு மட்டும் ஏறியது. ஒலிபெருக்கியின் பெயரில் எந்தக் குறிப்பும் ஏறவில்லை.

கேட்பது ஒன்றுதான்: ஊர்ப் பெயரை ஊர்க்காரர் சொல்கிற மாதிரி அறிவியுங்கள். திரையில் எழுத்து இருக்கிறபடியே இருக்கட்டும். எழுத்தை மாற்றச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் தமிழ்நாட்டில் 2020-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றுகிறோம் என்று அரசாணை போட்டு, வேலூர் 'வீலூர்' மாதிரி ஆகி, ஊரே சிரித்து, சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். அந்த வம்பெல்லாம் வேண்டாம். இயந்திரக் குரல் வாசிப்பதற்குத் தருகிற எழுத்தை மட்டும் ஒலிக்கிறபடி தட்டிக் கொடுத்தால் போதும். இல்லையென்றால் உள்ளூர்க்காரர் ஒருவரை உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள், ஒரு மத்தியான வேலை.

விதியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள், விதியே கிடையாது. அதே எழுத்துள்ள வைமண்ட்ஹாம் லெஸ்டர்ஷரிலும் இருக்கிறது, அங்கே எழுத்தில் இருக்கிறபடியே சொல்கிறார்கள். கென்ட்டில் ஜில்லிங்கம், டார்செட்டில் அதே எழுத்து கில்லிங்கம். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால்தான் தெரியும். ஹேஸ்ப்ராவுக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற மணல்திட்டை வரைபடத்தில் ஹேஸ்பரோ என்று ஒலிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள். கப்பலுக்குக் கிடைத்த மரியாதை பஸ் பயணிக்குக் கிடையாதா?

சில பேருக்கு இது ஒரு வேடிக்கை. வெளியூர்க்காரர் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், திருத்துவார்கள், அன்பாகத்தான். நாங்களும் சேர்ந்து சிரிக்கிறோம். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிக்கேன் என்றும் தஞ்சாவூரை டேஞ்சூர் என்றும் வாய்க்கு வந்தபடி எழுதிப் பலகை மாட்டிவிட்டுப் போனவர்களின் நாட்டில், ஒரு ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னதற்கு நாங்கள் கூச்சப்படுகிறோம், பாருங்கள்.

சரி, அது இருக்கட்டும். மரியாதையாகக் கேட்க வந்தேன், மரியாதையாகவே கேட்கிறேன்.

பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறபடி அறிவிக்க வேண்டும் என்று 2023-இல் விதி வந்ததும் நீங்கள் கருவியைப் பொருத்தினீர்கள், நன்றி. ஆனால் அது முக்கியமாக யாருக்காக? திரையைப் பார்க்க முடியாதவர்களுக்காக. பார்வையில்லாத ஒரு ஹேஸ்ப்ராக்காரர் பிறந்ததிலிருந்து காதால் கேட்ட பெயர் ஹேஸ்ப்ரா. அவருக்கே அவர் ஊரை ஹாப்பிஸ்பர்க் என்று அறிவிப்பது எந்த வகைச் சேவை? புதிதாக வந்த எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஏற்கனவே ஆங்கிலத்தில் அனுப்பினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரம் பதில் போட்டது, ஊர்ப் பெயரை அதுவும் எப்படிச் சொல்லியிருக்குமோ. அதனால்தான் இப்போது தமிழில், நம் ஆட்கள் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் பிரதி தனியாக உங்களுக்கு வரும். எங்கள் வழித்தடத்து ஊர்களின் பெயர்களை ஓட்டுநர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அதோடு இணைக்கிறேன்.

தயவுசெய்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஊர்ப் பெயரை ஊர்க்காரர் சொல்கிற மாதிரி அறிவியுங்கள். எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒரு வரி, ஆள் கையெழுத்தோடு, எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகும் ஒரு பராமரிப்புப் பணியாளர்