கேண்டி கேனும் ஒல்லாந்தர் காலத்து நத்தாரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நத்தார் சிறப்பிதழில் கேண்டி கேன் பற்றி வந்த பெட்டிச் செய்தியை வாசித்தேன். டிசம்பர் பிறந்தால் இப்போது மட்டக்களப்புக் கடைகளிலும் தொங்குகிறதே, கைத்தடி மாதிரி வளைந்து சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு சுற்றிய பெப்பர்மின்ட் இனிப்பு, அதுதான். வெள்ளை இயேசுவின் தூய்மை, சிவப்பு அவர் சிந்திய இரத்தம், வளைவு நல்ல ஆயனின் கோல் என்று போட்டிருக்கிறீர்கள். சரி. இந்த விளக்கத்தை நானும் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன், இனியும் சொல்வேன். பேராலயத்தில் ஆயர் பிடித்து வரும் கோலை ஞாபகப்படுத்திவிட்டு இந்த இனிப்பைக் கையில் கொடுத்தால் சின்னப் பிள்ளைக்கும் டக்கென்று விளங்கிவிடும்.

எனக்கு மனவருத்தம் அடுத்த பந்தியில்தான். அடக்குமுறைக் காலத்தில் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண இரகசியக் குறியாக இதை வைத்திருந்தார்கள், 1670இல் ஜெர்மனியின் கொலோன் பேராலயப் பாடகர் குழுத் தலைவர் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க இதை வளைத்துக் கொடுத்தார் என்றெல்லாம் நடந்த வரலாறு போலவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. கோடு போட்ட பெப்பர்மின்ட் குச்சி 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததுதான், ஆனால் நேராக இருந்தது. 1900க்கு முந்திய வாழ்த்து அட்டைப் படங்களில் வளைந்த இனிப்பு வெறும் வெள்ளை. சிவப்புக் கோடு வளைந்த இனிப்பில் ஏறியது அதற்குப் பிறகு. அப்படியிருக்க 1600களில் எந்தச் சிவப்பைப் பார்த்து இரத்தம் என்று நினைத்திருப்பார்கள்? ஆனால் இந்த இனிப்போடு உண்மையாகவே சம்பந்தப்பட்ட ஒரு குருவானவர் இருக்கிறார், அவரை விட்டுவிட்டீர்கள். கையால் வளைக்கும்போது உடைந்து உடைந்து வீணாகிய இதை 1950களில் இயந்திரத்தில் வளைக்க வழி செய்தவர் கிரகரி கெல்லர் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு, மைத்துனரின் மிட்டாய்த் தொழிற்சாலைக்காகச் செய்து கொடுத்தார்.

திருச்சபையோடு பின்னிய இனிப்புக் கதை வேண்டுமென்றால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து நத்தார் ரொட்டியான ஷ்டொலனை எழுதியிருக்கலாமே. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் அப்போது நோன்புக் காலம், வெண்ணெய் சேர்க்கக் கூடாது, எண்ணெய் விட்டுப் பிசைந்த அந்த ரொட்டி ருசியே இல்லாமல் இருந்ததால் அந்தப் பகுதியான சக்சனியின் ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு விண்ணப்பம் போட, 1491இல் பாப்பரசர் எட்டாம் இன்னொசென்ட் கடிதம் மூலம் அனுமதி கொடுத்தார். இன்றைக்கு வெண்ணெயும் உலர்ந்த திராட்சையும் நிறையப் போட்டுச் செய்து, மேலே வெண்சீனித் தூளை முழுக்கத் தூவி வைக்கிறார்கள். துணியில் சுற்றிய பாலன் இயேசு அது என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு.

ஆனால் என்னை உண்மையில் எழுத வைத்தது அந்த ‘இரகசியக் கிறிஸ்தவர்கள்’ என்ற சொல். ஒளித்து நத்தார் கொண்டாடியவர்களைத் தேடி நாம் ஏன் ஐரோப்பாவுக்குப் போகவேண்டும்? ஒல்லாந்தர் தாங்கள் ஆண்ட இலங்கைக் கரையோரங்களில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்திறங்கிய யோசேவாஸ் அடிகளார் இரவிரவாக வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் பூசைக்குக் கூடியிருந்த வீட்டை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் அகப்படவில்லை, சனங்கள் அகப்பட்டார்கள், அடியும் சிறையும் அவர்களுக்குத்தான். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது கிழக்கிலிருந்தும் எத்தனையோ பேர் பஸ் பிடித்துப் போனார்கள். அப்படியிருந்தும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொலோன் கதை தெரிகிறது, 1689 தெரியவில்லை. பத்திரிகையில் வந்தால் அதுதான் உண்மை என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள் ஐயா, இல்லை என்று நான் சொன்னால் வெட்டிய தாளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

ஆகவே ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். நிறத்துக்கும் வளைவுக்கும் சொல்லப்படும் பொருள் பிற்காலத்தில் விசுவாசிகள் கொடுத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும், யாருடைய பக்தியும் அதனால் குறையாது. அடுத்த நத்தார் இதழில் யாழ்ப்பாணத்து அந்த இரவைப் பற்றி அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள், வகுப்பில் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
தாண்டவன்வெளி, மட்டக்களப்பு.