நாடு இல்லாத டியூக்குகள் கட்டிய ஊர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இடைக்கால ஜெர்மனியின் பிரபுக் குடும்பங்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். ஹோஹென்ஸ்டாஃபன்களைப் பற்றி விரிவாக எழுதியவர், ஸேரிங்கன் குடும்பத்தை 1218இல் வாரிசில்லாமல் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தகவல் தப்பில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் கதையில் ருசியான பகுதியே அந்த அழிவுதான்.

முதலில் அவர்கள் எப்படித் தலையெடுத்தார்கள் என்று பார்ப்போம். ஸேரிங்கன் குடும்பத்து முதலாம் பெர்டோல்டுக்கு, ஜெர்மனியின் தென்மேற்கில் இருந்த ஸ்வாபியா என்ற டியூக் நாட்டைத் தருவதாகப் பேரரசர் மூன்றாம் ஹென்றி வாக்குக் கொடுத்திருந்தார். 1056இல் அவர் இறந்ததும் அரசி ஆக்னஸ் அதை ரைன்ஃபெல்டன் ருடால்ஃப் என்ற வேறொரு பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார். பெர்டோல்டுக்குச் சமாதானப் பரிசாகக் கிடைத்தது தொலைவில், இன்றைய ஆஸ்திரியாவின் தெற்கில் இருந்த கரிந்தியா; அங்கே அவர் பேச்சு எடுபடவே இல்லை. அடுத்த தலைமுறையில், ஸ்வாபியாவுக்காக ஹோஹென்ஸ்டாஃபன்களோடு மோதி, 1098 வாக்கில் ஒரு சமரசம் ஆனது. ஸ்வாபியா ஹோஹென்ஸ்டாஃபன்களுக்கு, ஸேரிங்கன்களுக்கு ஜூரிக்கும் டியூக் பட்டமும். ஆள ஒரு நாடு இல்லாத பட்டம்! ஃபிரைபுர்குக்குப் பக்கத்தில் இருந்த சொந்தக் கோட்டையின் பெயரைத்தான் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டார்கள்.

நாடு இல்லாதவர்கள் ஊர் கட்டினார்கள். 1120இல் அந்தக் குடும்பத்துக் கொன்ராட் ஃபிரைபுர்கில் சந்தை தொடங்கி, வெளியூர் வணிகர்களை வரவழைத்தார். வந்தவர்களுக்கு நூறடி நீளம், ஐம்பதடி அகலத்தில் மனை; வருட வாடகை ஒரு ஷில்லிங். வாரிசு இல்லாமல் ஒரு வணிகர் இறந்தால் அவருடைய சொத்தை என்ன செய்வது என்றுகூட அந்தச் சாசனத்தில் இருக்கிறது: உறுதிமொழி எடுத்த 24 பேர் ஒரு முழு வருடம் அதைக் காத்து வைத்திருக்க வேண்டும், உரிமை கோரி யாராவது வருகிறார்களா என்று பார்க்க. ஊராரின் சொத்துக்கு இவ்வளவு யோசித்தவர்களின் சொந்தச் சொத்து பின்னால் என்ன ஆனது என்பதுதான் வேடிக்கை. 1157இல் சுவிட்சர்லாந்துப் பக்கத்து ஃபிரிபூர், 1191இல் பெர்ன் என்று அந்த வரிசை நீண்டது.

பெர்னைக் கட்டிய ஐந்தாம் பெர்டோல்டுக்கு 1198இல் ஜெர்மன் அரியணையே தேடி வந்தது. கொலோன் பேராயரின் அணி அவரை மன்னர் பதவிக்கு வேட்பாளராக நிறுத்தப் பார்த்தது. அவரோ தன் சகோதரி மகன்களைப் பிணையாகக் கொடுத்துவிட்டு, செலவுக் கணக்கைப் பார்த்ததும் பின்வாங்கி, அதே அரியணைக்குப் போட்டியிட்ட ஹோஹென்ஸ்டாஃபன் ஃபிலிப்பிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். கஞ்சர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கென்னவோ அவர் கணக்குத் தெரிந்த மனிதராகத்தான் படுகிறார். அரியணைக்குப் போன ஃபிலிப் 1208இல் பாம்பெர்கில் வெட்டிக் கொல்லப்பட்டார் என்பதையும் பார்க்க வேண்டுமே!

1218 பிப்ரவரியில் பெர்டோல்ட் இறந்தபோது உயிரோடு மகன் இல்லை. சொந்த நிலங்கள் இரண்டு சகோதரிகள் வழியே உராக், கீபுர்க் குடும்பங்களுக்குப் பிரிந்தன. பேரரசருக்கு உரியவை அவரிடமே திரும்பின. இந்தப் பாகப்பிரிவினையில்தான் ஊர்களின் தலையெழுத்தும் பிரிந்தது. பெர்ன் பேரரசர் பக்கம் போனதால் இடையில் பிரபு யாரும் இல்லாத நகரமாகி, பிற்பாடு தானே ஒரு வல்லரசாக வளர்ந்தது. அந்த உரிமைக்கு ஆதாரமாக அவர்கள் காட்டிய 1218ஆம் ஆண்டுப் பொற்சாசனம் (தங்க முத்திரை பதித்த பேரரசரின் சாசனம்) பிற்காலத்தில் தயாரித்த போலி என்று பல வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். சரி, பிழைக்கத் தெரிந்த ஊர். ஃபிரைபுர்கோ உராக் கோமகன்களிடம் மாட்டிக்கொண்டு, கடைசியில் 1368இல் 15,000 மார்க் வெள்ளி கொடுத்துத் தன்னையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. விலை கொடுத்து வெளியே வந்த கையோடு ஹாப்ஸ்பர்க் என்ற இன்னொரு பிரபுக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஊரையும் கட்டியது ஒரே குடும்பம். ஒரே ஆண்டில் இரண்டும் அந்தக் குடும்பத்தின் கையை விட்டுப் போயின.

இன்னொன்று. அழிந்தது டியூக் கிளை மட்டும்தான். முதலாம் பெர்டோல்டின் மூத்த மகன் ஹெர்மான் வழி வந்த பாடன் குடும்பம் 1918 வரை ஆட்சியில் இருந்தது. கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் கீபுர்க்குகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஸேரிங்கன் சொத்தில் பங்கு வாங்கிய அவர்களும் 1264இல் ஆண் வாரிசு இல்லாமல் போனார்கள். அந்தச் சொத்தில் பெரும்பகுதியைக் கைப்பற்றியவர், பிறகு ஜெர்மன் மன்னரான ஹாப்ஸ்பர்க் ருடால்ஃப்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்